கண்ணாடித் தொட்டியில் கங்காணி

வீட்டுத்திட்டத்துக்குப் பெயர் பதிய ஆள் வருகிறது என்று தெரிந்த அன்று காலையில் வீரபாகு நாலு ரீவிப் பெட்டிகளைத் தோளில் சுமந்தான். நாலில் ஒன்றுகூட அவனுடையது இல்லை. வாய்க்கால் ஒழுங்கை என்ற அந்தச் சந்தில் ரீவி வைத்திருந்தவர்கள் நாலு பேர். நாலும் எட்டு மணிக்கு முன்னால் மாரியம்மன் கோயில் மடைப்பள்ளிக்குள் போய்விட வேண்டும். பதிகிறவர்களின் கண்ணில் ரீவி பட்டால் அது வசதியான வீடு. வசதியான வீட்டுக்குக் கல்வீடு கிடையாது. இதை ஒழுங்கைக்காரருக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சண்டை ஓய்ந்து ஏ-நைன் பாதை திறந்த பிறகு தகரம் கொடுத்தார்கள், மண்வெட்டி கொடுத்தார்கள், கிணறு கட்டிக் கொடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் பட்டுத் தெளிந்த புத்தி அது.

வீரபாகு நெல் மில்லில் மூட்டை தூக்குகிறவன். ஐம்பத்துநாலு வயது. வலது தோள் இடது தோளைவிட ஒரு விரல் பதிந்திருக்கும். ஆகவே இப்படியான நாட்களில் ஒழுங்கை முழுக்க அவனைத்தான் தேடும்.

“வீரபாகண்ணை, இதையும் ஒருக்காத் தூக்கிவிடுங்கோ. திரை முன்னுக்கு வரட்டும். கவனம், கவனம்!”

சொன்னது ஊர்ச் சங்கத் தலைவர் சிவராசா. மற்ற நாட்களில் அவருக்கு இவன் வெறும் ‘வீரபாகு’. சுமை இருக்கிற நாளில் மட்டும் அண்ணை வந்து ஒட்டிக்கொள்ளும்.

“உங்கட ஃபிரிட்ஜ் என்ன மாதிரி, தலைவர்?”

“அது உடுப்பு அலுமாரி. கறன்ட் இல்லாத ஊரில ஃபிரிட்ஜ் எண்டு ஆர் சொல்லுவான்?”

“கதவைத் திறந்தா லைற் போடுற இடம் இருக்கே.”

“நீ கதவைத் திறக்காத. காணும்.”

நாலு ரீவி, ஒரு தையல் மெஷின், இரண்டு பெரிய பற்றரி. எல்லாவற்றையும் அடுக்கி, மேலே படங்குச் சாக்கைப் போட்டு மூடிவிட்டு வீரபாகு வீட்டுக்கு வந்தான். வாசலில் மனைவி கமலாட்சி இடுப்பில் கையை வைத்தபடி நின்றாள்.

“ஊரார் சாமானெல்லாம் ஒளிச்சாச்சு. நம்ம மீன்பெட்டி?”

“அதுக்கென்ன? அது ரீவியா?”

“பாக்கிற சாமான்தானே.”

“பாக்கிறதெல்லாம் ரீவி எண்டா என்னையும் கொண்டுபோய் மடைப்பள்ளிக்குள்ள போடு.”

“உங்களப் பாக்க யாரு வாறா?” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

உண்மையில் அந்தத் தொட்டியை ஒரு காலை அவசரத்தில் தூக்க முடியாது. நாலு அடி நீளம், ஒன்றரை அடி உயரம். தண்ணீரோடு தூக்கினால் ஒட்டு விட்டுவிடும். தண்ணீரை இறைத்தால் மீன் செத்துப்போகும். பழைய கூட்டுறவுக் கடையின் காட்சி அலுமாரி ஷெல்லில் நொறுங்கிக் கிடந்தபோது, உடையாமல் மிஞ்சிய கண்ணாடிகளைச் சொல்லிக் கேட்டு எடுத்து வந்திருந்தான். ட்ரக்டர் பட்டறைக்காரன் துண்டு இரும்பில் சட்டம் ஒட்டிக் கொடுத்தான். கண்ணாடி ஒட்டுகிற பசை வவுனியாவிலிருந்து முபாறக் கொண்டுவந்தது. முபாறக் மோட்டார் சைக்கிளில் பிளாஸ்ரிக் வாளி விற்றுத் திரிகிறவர். சனிக்கிழமைகளில் வாளிகளுக்கு நடுவே பொலித்தீன் பைகளில் மீனும் வரும். ஓமந்தைச் சோதனைச்சாவடியில் ஆமிக்காரன் ஒவ்வொரு பையையும் வெயிலுக்குப் பிடித்துப் பார்ப்பானாம். “மீனுக்கும் ஐடென்ரி காட் கேப்பான் எண்டு நினைச்சன் அண்ணை. நல்லகாலம், சிரிச்சிட்டு விட்டுட்டான்” என்பார்.

முதல் வாங்கிய மூன்று மீனும் ஒரே நாளில் செத்தன. பொதுக்கிணற்றுக்குக் காலையில் மருந்துத் தூள் போட்டதை அறியாமல் அந்தத் தண்ணீரையே ஊற்றியதால் வந்த வினை. அதற்குப் பிறகு வீரபாகு வாய்க்கால் தண்ணீரை அள்ளி, இரண்டு நாள் தெளியவிட்டுத்தான் ஊற்றுவான். சாப்பாட்டுக்கு மில்லுத் தவிடு, குழியில் தேங்கிய தண்ணீரில் நெளிகிற நுளம்புப் புழு. ஆனால் பெரிய பாடு காற்றுத்தான். பட்டணத்தில் மீன் தொட்டிக்குக் காற்றடிக்கிற மெஷின் கறன்டில் ஓடும். இங்கே கறன்ட் ஏது? வீரபாகு ஒரு பழைய லொறி ரியூப்பை எடுத்தான். வல்கனைஸ் கடையில் கொடுத்து அதில் இரண்டாவது வாய் ஒன்று வைத்து ஒட்டுவித்தான். அந்த வாயில் ஆஸ்பத்திரியில் எறிந்த சேலைன் குழாயைச் செருகினான். குழாயில் சேலைனைக் கூட்டிக் குறைக்கிற சிறு சில்லு இருக்கிறதல்லவா, அதைத் திருகினால் காற்றும் அளவாக வரும். நுனியில் ஒரு துண்டு ஸ்பொஞ்ச். சைக்கிள் பம்பால் ரியூப்புக்கு நூற்றைம்பது அடி அடித்துவிட்டால் அரைநாள் முழுக்கக் குமிழி குமிழியாக விட்டுக்கொண்டிருக்கும்.

காலையில் வேலைக்குப் போகும் முன் அவன் நூற்றைம்பது அடிப்பான். பின்னேரம் மூட்டை தூக்கிய களைப்போடு வந்து இன்னொரு நூற்றைம்பது. மத்தியானத்தில் ரியூப் சூம்பினால் அடிக்கிறவள் கமலாட்சி. அடிக்கும்போது ஏசுவாள். ஏசிக்கொண்டே அடிப்பாள். ஒருநாளும் அடிக்காமல் விட்டதில்லை.

தொட்டியில் ஏழு மீன். நாலு கப்பி, இரண்டு கறுப்பு மொலி, ஒரு பெரிய தங்கமீன். தங்கமீனுக்கு வயிறு முன்னுக்குத் தள்ளி, கண் பிதுங்கி இருக்கும். தொட்டியின் ஒரு கரையிலிருந்து மற்றக் கரைக்கு நடப்பதும், திரும்புவதும், மற்ற மீன்களை முட்டி விலக்குவதுமே அதற்கு வேலை. வந்த அன்றே கமலாட்சி அதைப் பார்த்துவிட்டு, “ஐயையோ, எங்க தோட்டத்துக் கங்காணி!” என்று கத்தினாள். அன்றிலிருந்து அதன் பெயர் கங்காணி. இருவரும் மலைநாட்டில் ஒரே தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். எழுபத்தேழுக் கலவரத்தில் உடுத்த உடுப்போடு வன்னிக்கு வந்தவர்கள்.

“பொறந்ததுல இருந்து கங்காணி நம்மளப் பாத்தான். இப்ப கொஞ்சக்காலம் நாம கங்காணியப் பாப்பம்” என்று வீரபாகு வாங்குப் பலகையில் குந்தியிருந்து சொல்வான். அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கிற அரைமணி நேரத்துக்குத் தோளில் நோ இருப்பது அவனுக்குத் தெரியாது.

பதிய வந்தவன் சஜீவன். பளை ஊர்ப் பொடியன், சின்ன வயது, கையில் தடித்த மட்டையில் கிளிப் போட்ட படிவங்கள். ஒழுங்கையின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரைக்கும் வீடு வீடாக ஏறி இறங்கினான். எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான்: ஒன்றும் இல்லைத் தம்பி, பாருங்கோ, நீங்களே பாருங்கோ. வீரபாகுவின் வாசலுக்கு வந்தபோது அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

“ஐயா, ஒரு விசயம் கேக்கட்டோ? இந்த ஒழுங்கையில ஒருதரிட்டையும் ரீவி இல்லை.”

“அப்பிடியே தம்பி?”

“ஓம். ஆனா வாய்க்கால் கட்டில இருந்து பாக்க நாலு அன்ரெனா தெரியுது. அன்ரெனா வளக்கிறவையோ இஞ்ச?”

கூட வந்த சிவராசா அப்போதுதான் கூரைகளை அண்ணாந்து பார்த்தார். பெட்டியை ஒளித்தவர்களில் ஒருவருக்குக்கூடக் கூரைக்கு மேல் நின்ற கம்பி நினைவில் வரவில்லை. வீரபாகுவுக்கு வயிற்றுக்குள் சிரிப்பு முட்டியது. ஆனாலும் அவன் ஊரைக் காட்டிக்கொடுக்கவில்லை.

“காகம் இருக்கிறதுக்கு நட்டிருப்பினம்” என்றான்.

“படிவத்தில அன்ரெனாவுக்கு இடமில்லை. தப்பிட்டினம்” என்று சொல்லிக்கொண்டு சஜீவன் உள்ளே வந்தான்.

வீட்டுக்கு மூன்று மண்சுவர். நாலாவது, ஒழுங்கையைப் பார்த்த சுவர், போன மார்கழி வெள்ளத்தில் விழுந்துவிட்டது. மத்தியானம் கமலாட்சி சோறு வடித்துக்கொண்டிருந்தபோது ஊறிய சுவர் அவள் காலில் சரிந்தது. கணுக்கால் இன்னமும் குளிருக்கு வீங்கும். அந்தப் பக்கத்தில் இப்போது தறப்பாள்தான் தொங்கியது. சஜீவன் தறப்பாளைத் தொட்டுப் பார்த்தான், கூரைக் கிடுகைப் பார்த்தான், கமலாட்சியின் காலைப் பார்த்தான். மளமளவென்று எழுதினான். எழுதிய வேகத்தைப் பார்த்தபோதே இந்தமுறை கல்வீடு கிடைத்துவிடும் என்று கமலாட்சிக்குத் தோன்றியது. பிறகு அவன் திரும்பினான். தொட்டியைக் கண்டான்.

கங்காணி வந்து கண்ணாடியில் முகத்தை வைத்து அவனைப் பார்த்தது.

“அட!” என்று சஜீவன் குனிந்துவிட்டான். கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். “நல்ல வடிவு, ஐயா.” அதன் பிறகு நிமிர்ந்து, பேனையைத் திறந்து, படிவத்தின் அடியில் ஒரு வரி எழுதினான். போகும்போது வீரபாகுவின் முகத்தைப் பார்க்கவில்லை.

பத்தாம் நாள் பொதுநோக்கு மண்டபச் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். வீரபாகு பள்ளிக்கூடத்துக்குப் போனவன் இல்லை. நாற்பது வயதுக்கு மேல் மூட்டைகளில் அச்சடித்திருந்ததைப் பார்த்துப் பார்த்துத்தான் எழுத்துப் பிடித்தான். சம்பா, குறுணல், தவிடு. வாசிப்பதும் மூட்டை தூக்குவது போலத்தான் அவனுக்கு. ஒன்றைத் தூக்கி வைத்துவிட்டுத்தான் அடுத்ததற்கு வருவான். நாற்பத்தொரு பெயரையும் விரல் வைத்துத் தூக்கினான். சிவராசா இருந்தார். ரீவிக்காரர் நாலு பேரும் இருந்தார்கள். தையல் மெஷினும் இருந்தது. அவன் இல்லை.

பக்கத்தில் இன்னொரு தாள், தள்ளுபடியானவர்களுக்கு. அதில் முதல் பெயரே அவனுடையது. எதிரே காரணம்: ஆடம்பரப் பொருள், மீன் தொட்டி, ஒன்று. ‘ஆடம்பரம்’ என்பதை அவன் இரண்டு தரம் தூக்கிப் பார்த்தான். அந்தச் சொல் எந்த மூட்டையிலும் இருந்ததில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னபோது கமலாட்சி அழவில்லை. அழுதிருந்தால் அவனுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

“மீனுக்கு நாலு பக்கமும் சுவர் இருக்கு. எனக்கு மூணுதான்” என்றாள்.

அவன் குனிந்து ரியூப்பை அமுக்கிப் பார்த்தான்.

“எந்தப் பக்கத்தால பாத்தாலும் கண்ணாடிச் சுவர். நான் சீலை மாத்துறதுக்குத் தறப்பாளைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். நல்ல மகராசன் ஐயா நீங்க.”

“நான் என்ன செய்ய? களவெடுத்தனா?”

“களவெடுத்தவன் எல்லாம் பட்டியல்ல இருக்கான்.”

அன்று பின்னேரம் அவன் அடித்த நூற்றைம்பது அடியும் ஒழுங்கையின் கடைசி வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

மூன்றாம் நாள் சிவராசா சைக்கிளில் வந்து இறங்கினார். நல்ல செய்தியோடு வந்தவர் மாதிரி வாங்கில் தானாகவே இருந்தார்.

“வீரபாகு, உனக்கொரு வழி இருக்கு. ஆட்சேபனை எழுதிக் குடுத்திட்டன். வெள்ளிக்கிழமை திரும்பவும் வந்து பாப்பினம். அண்டைக்கு இந்தச் சாமான் இஞ்ச இருக்கக் கூடாது. அவ்வளவுதான் கதை.”

“எங்க வைக்கிறது?”

“உடைச்சுப்போடு. இல்லாட்டி மீனை ஒரு வாளிக்குள்ள விட்டு, கண்ணாடியை மடைப்பள்ளிக்குக் கொண்டுபோ. ஒரு பகல்தானே. என்ர ரீவி போகேல்லையே? நீதானே தூக்கினனீ?”

“ரீவி மூச்சு விடாது, தலைவர்.”

“மீன் செத்தா இன்னொரு மீன் வாங்கு. வீடு போனா இன்னொரு வீடு வாங்குவியோ?” சிவராசா கமலாட்சி பக்கம் திரும்பினார். “நீங்கள் சொல்லுங்கோ தங்கச்சி. இந்த மனுசனுக்கு என்ன பிடிச்சிருக்கு? குடிக்கிறவனைக் கண்டிருக்கிறன், சீட்டு விளையாடுறவனைக் கண்டிருக்கிறன். மீன் பாத்துக் கெட்டுப்போறவனை இப்பதான் காணுறன்.”

கமலாட்சி அடுப்பைப் பார்த்தபடி, “ஒரு பகல்தானே” என்றாள். மெல்லத்தான் சொன்னாள்.

வீரபாகு எழும்பினான். கோபம் வந்தால் அவனுக்கு வன்னிப் பேச்சு போய்த் தோட்டத்துப் பேச்சு வந்துவிடும். இருபத்தெட்டு வருசமாக ஓம் சொல்லிப் பழகிய வாய், அப்போது ஆமா என்று சொல்லும்.

“ஆமா, ஒரு பகல்தான். எழுபத்தேழுல தேயிலைக்குள்ள குனிஞ்சிருந்தமே, அதுவும் ஒரு பகல்தான். வேலை கேட்டுப் போன எடத்துல என் பேச்சைக் கேட்டுட்டு எந்த ஊருன்னு கேட்டான். வவுனியான்னு பொய் சொன்னேன். அதுவும் ஒரு பகல்தான். போதும் தலைவர். நான் ஒளிச்சது காணும். இது நான் செஞ்ச பொட்டி. களவில்ல, பிச்சையில்ல. ஒளிக்க மாட்டேன்.”

“அப்ப மழைக்கு நனை.”

“நனைவேன்.”

“உனக்குச் சரி. அவா?”

சிவராசா சைக்கிளில் ஏறிப் போனார். கமலாட்சி அன்று முழுக்க அவனோடு கதைக்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. சோறு போட்டு வைத்துவிட்டு அப்பால் போய்விடுவாள். ஆனால் அவன் மில்லிலிருந்து வரும்போது ரியூப் சூம்பாமல்தான் கிடந்தது.

வெள்ளிக்கிழமை வீரபாகு வேலைக்குப் போகவில்லை. காலையில் தொட்டியின் கண்ணாடியை உட்புறமும் வெளிப்புறமும் துடைத்தான். பாசியைச் சுரண்டினான். பார்க்கத்தான் போகிறார்கள் என்றால் நன்றாகப் பார்க்கட்டும் என்பது அவன் எண்ணம். கமலாட்சி ஒரு மூலையில் இருந்து அரிசி புடைத்தாள். அவள் மனதில் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. அவள் ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் போதும், தான் தோற்றுவிடுவான் என்பது மட்டும் தெரிந்தது. சுவர் பட்ட அவள் கணுக்காலுக்கு முன்னால் அவனுடைய ரோசத்துக்கு எவ்வளவு நிறை?

சஜீவனும் சிவராசாவும் பத்து மணி போல வந்தார்கள். தறப்பாளை விலக்கியதும் சிவராசா தொட்டியைக் கண்டு தலையில் கை வைத்தார். அது வழக்கத்தைவிடப் பளபளத்தது.

“ஐயா, நீங்கள் இதை எடுக்கேல்லையோ?” என்று சஜீவன் கேட்டான். குரலில் கோபம் இல்லை, கவலைதான்.

“இல்லைத் தம்பி. இருங்கோ. படிவத்தை எடுங்கோ. போனமுறை ஒரு சொல்லில எழுதிப்போட்டுப் போயிட்டீங்க. இந்தமுறை நான் சொல்லச் சொல்ல எழுதுங்கோ.”

“என்ன எழுத?”

“ஷெல் பட்ட கடைக் கண்ணாடி, அஞ்சு. எழுதுங்கோ. பட்டறையில கழிச்ச துண்டு இரும்பு. லொறி ரியூப், ஒட்டுப் போட்டது, ஒண்டு. ஒட்டு எத்தினை எண்டு எண்ணிப் பாருங்கோ. ஆறு. ஆஸ்பத்திரியில எறிஞ்ச சேலைன் குழாய், ஒண்டு. சைக்கிள் பம், ஒண்டு. சைக்கிள் இல்லை, பம் மட்டும்தான். அதையும் எழுதுங்கோ. மில்லுத் தவிடு. நுளம்புப் புழு. இதில ஆடம்பரம் எது எண்டு நீங்க காட்டுங்கோ, அதை நானே உடைக்கிறன்.”

சஜீவன் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, உண்மையாகவே எழுதினான். ஓரத்தில் இடம் போதாமல் தாளைத் திருப்பியும் எழுதினான். எழுதி முடித்துப் பேனையின் பின்பக்கத்தால் காதைச் சொறிந்தான்.

“எல்லாம் எழுதிட்டன் ஐயா. ஆனா கடைசியா ஒரு கேள்வி இருக்கு. என்ன தேவைக்கு? தொழிலுக்கு எண்டா நாங்கள் கழிக்கிறேல்லை. அடுத்த ஊரில தையல் மெஷினுக்கும் அப்பிடித்தான் விட்டம். மீன் குஞ்சு வளத்து விக்கிறியளோ?”

சிவராசா கண்ணைக் காட்டினார். ஓம் சொல்லு, ஓம் சொல்லு.

“இல்லை” என்றான் வீரபாகு.

“அப்ப என்னத்துக்கு?”

“பாக்கிறதுக்கு.”

“வேற?”

“வேற ஒண்டுமில்லை. முதுகு முறிய வேலை செய்திட்டு வந்து இருந்து பாக்கிறது.”

“அப்பிடி எழுத ஏலாது ஐயா. அதுக்குப் பேர்தான் ஆடம்பரம்.”

“அப்ப ஏழை எண்டா ஒண்டையும் பாக்கக் கூடாதோ? விழுந்த சுவரைத்தான் பாத்துக்கொண்டிருக்க வேணுமோ?”

சஜீவன் பேனையை மூடினான். சிவராசா அவசரமாக நடுவில் புகுந்தார்.

“தம்பி, இவன் கதைப்பான். நீங்கள் ஒண்டு செய்யுங்கோ. வவுனியா வியாபாரி ஒருத்தன் மீன் கொண்டுவந்து விக்கிறவன். அவன்ர சரக்கு, இஞ்ச வைச்சிட்டுப் போயிருக்கிறான். அப்பிடி எழுதுங்கோ. இவையின்ரை இல்லை. முடிஞ்சுது.”

சஜீவன் முகம் தெளிந்தது. “அப்பிடி எண்டா நான் தொட்டியை விட்டிட்டு எழுதலாம். ஆனா வீட்டாக்கள் ஒராள் சொல்ல வேணும்.” அவன் வீரபாகுவைப் பார்க்கவில்லை. கமலாட்சியைப் பார்த்தான். “அம்மா, இது ஆரின்ர தொட்டி?”

வீரபாகு வாயைத் திறக்கப் போனான். திறக்கவில்லை. கேள்வி அவளுக்கு. சுவர் விழுந்ததும் அவள் காலில்தான்.

கமலாட்சி அரிசிச் சுளகைக் கீழே வைத்தாள். அந்த நேரம் பார்த்துத் தொட்டிக்குள் சத்தம் குறைந்தது. ஆறு ஒட்டுப் போட்ட ரியூப் சூம்பிவிட்டது. ஒரு குமிழி வந்தது, கொஞ்சம் பொறுத்து இன்னொன்று வந்தது, பிறகு ஒன்றும் இல்லை. கங்காணி மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடியது.

அவள் எழும்பினாள். காலை இழுத்து நடந்து வந்து, சாத்தியிருந்த சைக்கிள் பம்பை எடுத்து, நிலத்தில் ஊன்றி, அதன் கால்பலகையை மிதித்தாள். அடிக்கத் தொடங்கினாள். இருபதாவது அடியில் தொட்டியில் குமிழி திரும்ப வந்தது.

“எங்கடதான்” என்றாள், அடிப்பதை நிறுத்தாமலே. “எழுதுங்கோ தம்பி. வீரபாகு, கமலாட்சி, ரெண்டு பேரின்ரையும். ரெண்டு வருசமா மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால நான் இதுக்குக் காத்தடிக்கிறன். இவ்வளவு காத்தையும் அடிச்சிட்டு, இது வவுனியாக்காரன்ர எண்டு சொல்ல எனக்கென்ன விசரே?”

“அம்மா, யோசிச்சுச் சொல்லுங்கோ. வீடு…”

“யோசிச்சுத்தான். நல்லா யோசிச்சுத்தான் சொல்றன். அம்பத்தஞ்சு, அம்பத்தாறு. எண்ணிக்கை தப்பிப் போகுது, எழுதுங்கோ.”

வீரபாகு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். மூன்று நாளாக அவள் கதைக்காமல் இருந்தது இதற்காகத்தானா என்று கேட்க வேண்டும் போல இருந்தது. கேட்டால் ஏசுவாள் என்பதால் கேட்கவில்லை.

சஜீவன் எழுதினான். தேவை என்ற இடத்தில் ‘பார்ப்பதற்கு’ என்றே எழுதி, அடிக்கோடும் போட்டு, வீரபாகுவிடம் காட்டினான். வீரபாகு ஒவ்வொரு எழுத்தாகத் தூக்கி வாசித்துவிட்டு, சரி என்றான். கீழே தன் பெயரையும் எழுதினான். கைநாட்டு வைக்கவில்லை.

“நான் குடுத்துப் பாக்கிறன் ஐயா. ஆனா பெரிசா நம்பாதேங்கோ” என்றான் சஜீவன். வாசலில் செருப்பைப் போட்டவன் ஒருதரம் திரும்பித் தொட்டியைப் பார்த்தான்.

நம்பவில்லை, நடக்கவும் இல்லை. இரண்டாவது பட்டியலிலும் பெயர் வரவில்லை. காத்திருப்போர் என்று ஒரு மூன்றாம் தாள் ஒட்டினார்கள். அதன் கடைசியில் அவன் பெயர் இருந்தது. அதற்குள் சிவராசாவின் வளவில் அத்திவாரம் வெட்டத் தொடங்கிவிட்டார்கள்.

வீரபாகு இரண்டு கிழமை பார்த்தான். மூன்றாம் கிழமை மில்லில் மூன்று நாள் லீவு சொல்லிவிட்டு, வாய்க்கால் கரையில் மண் வெட்டினான். கமலாட்சி தண்ணீர் ஊற்றிக் குழைத்தாள். வைக்கோல் போட்டு மிதித்தார்கள். இந்தமுறை அடியில் ஒரு முழத்துக்குக் கல் வைத்து, வெள்ளம் வந்தாலும் ஊறாதபடி மண்ணை அதற்கு மேல் ஏற்றினான். ஒழுங்கையைப் பார்த்த நாலாவது சுவர் இடுப்பளவு எழும்பியதும் நிறுத்தினான். பாலை மரக் குற்றி நாலை ஊன்றிப் பலகை அடித்தான். மீனை இரண்டு வாளிகளில் விட்டு, ரியூப்பை அவற்றுக்குத் திருப்பி, தொட்டியைக் காலியாக்கி, ஒரு பக்கத்தை அவன் பிடிக்க மறுபக்கத்தை அவள் பிடிக்க, தூக்கிக் கொண்டுவந்து சுவருக்கு நடுவில் இருத்தினார்கள். அதன் இரண்டு பக்கமும் மேலும் மண் ஏறியது. கூரைத் தாழ்வாரத்தை இரண்டு முழம் வெளியே இழுத்துவிட்டான், வெயிலும் மழையும் படாமல். யன்னல் இருக்க வேண்டிய இடத்தில் இப்போது தண்ணீர் நின்றது. உள்ளே இருந்தும் பார்க்கலாம். ஒழுங்கையில் போகிறவனும் பார்க்கலாம்.

சிவராசா சைக்கிளை நிறுத்திவிட்டு வாய் பிளந்து நின்றார்.

“டேய் வீரபாகு! உனக்கு மண்டை பிழைச்சுப் போச்சோ? அடுத்த திட்டத்துக்கு வாறவன் வாசல் படலையைத் திறக்கவும் தேவையில்லை. றோட்டில நிண்டே உன்ர பேரை வெட்டிப்போடுவான்.”

“வெட்டட்டும். பாத்திட்டு வெட்டட்டும்.”

“வெக்கமில்லையோ?”

“வெக்கமா? உங்கட ஃபிரிட்ஜுக்குள்ள உடுப்புக் கிடக்கு. என்ர கண்ணாடிக்குள்ள மீன் கிடக்கு. ஆருக்கு வெக்கம், தலைவர்?”

சிவராசாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு, குனிந்து, கண்ணாடியில் மூக்கு முட்டுகிற அளவுக்குக் கிட்டப் போனார். கங்காணி வந்து அவரை மேலும் கீழும் பார்த்தது.

அவர் மட்டும் இல்லை. அவருடைய வீட்டுக்குச் சீமெந்து லொறி வருவதைப் பார்த்துக்கொண்டு நின்ற கூலிக்காரர்கள், தண்ணீருக்குப் போன பெண்கள், பள்ளிக்கூடம் விட்டு வந்தவர்கள் என்று ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். ‘அந்தக் கறுப்பன் என்ன சாதி?’, ‘இது குட்டி போடுமோ, முட்டை இடுமோ?’ என்று கதை பெருகியது. உள்ளே இருந்து கமலாட்சி தொட்டி வழியாக எட்டிப் பார்த்தாள். தண்ணீருக்கு அந்தப் பக்கம் அவள் முகம் பெரிதாகத் தெரிந்தது. பிறகு சைக்கிள் பம்போடு வாசலுக்கு வந்தாள்.

“பாக்கிறவை எல்லாரும் பாருங்கோ. ஆனா ஓசியில இல்லை. ஆளுக்குப் பத்து அடி.”

ஆட்கள் சிரித்தார்கள். ஒருவரை ஒருவர் தள்ளினார்கள். அவள் சிரிக்கவில்லை. பம்பை நீட்டியது சிவராசாவிடம்தான்.

“நானோ?”

“கிட்ட நிண்டு பாக்கிறது நீங்கதானே, தலைவர்.”

சிவராசா சுற்றிப் பார்த்தார். தப்ப வழியில்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பலகையை மிதித்தார். மூச்சு வாங்க வாங்க அடித்தார். தொட்டிக்குள் குமிழி மளமளவென்று எழும்பியது. நிமிர்ந்து பம்பை நீட்டினார்.

“ஒன்பதுதான்” என்றாள் கமலாட்சி.